பாலும் நெய்யும் முட்டையும் இல்லாத பிறந்தநாள்: கேக், அல்வா, ஐஸ்கிரீம்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஆறு மாதமாக வீகன். அடுத்த மாதம் அவளுக்கு இருபது வயது நிறைகிறது. கேக் வேண்டும், ஐஸ்கிரீம் வேண்டும், பாயசம் இல்லாத பிறந்தநாளா என்று கேட்கும் மாமியாருக்காகப் பாயசமும் வேண்டும். பால், தயிர், வெண்ணெய், நெய், முட்டை, தேன் எதுவும் கூடாது. "ருசியாக வருமா, இல்லை அவள் மனசு கோணக்கூடாது என்று நாங்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். நன்றாகவே வரும். நான் கொள்கையால் இந்தப் பக்கம் வந்தவள் இல்லை. என் மகனுக்கு ஒரு வயதில் பசும்பால் ஒவ்வாமை என்று தெரிந்தது. முட்டையும் சேரவில்லை. மற்றப் பிள்ளைகள் கேக் வெட்டும்போது அவன் கையில் ஒரு வாழைப்பழத்தோடு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அடுப்படியில் இறங்கினேன். பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது தெரிந்தவர்களுக்கு ஆர்டர் எடுத்தும் செய்துகொடுக்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. பாலை வைத்தே பிறந்த பண்டத்தைப் பாலில்லாமல் செய்யப் போனால் மனசு ஒடிந்துதான் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு மாற்று கிடையாது. முந்திரி விழுதைச் சுண்டவைத்துப் பார்த்தேன், சோயா பாலைக் காய்ச்சிப் பார்த்தேன். சாப்பிடலாம், ஆனால் பால்கோவா என்று பெயர் வைத்தால் அது பொய். ரசகுல்லாவும் அப்படியே. பால் இல்லாமலே பிறந்த பண்டங்கள் வேறு. அவற்றில் யாரும் எதையும் தேட மாட்டார்கள், ஏனென்றால் அவற்றிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. அதனால் பட்டியல் போடும்போது "எதற்கு மாற்று என்ன" என்று தொடங்காமல், "எதற்கு மாற்றே தேவையில்லை" என்று தொடங்குங்கள்.

நம் ஊரில் அந்தப் பட்டியல் நீளம். கோவில்பட்டி கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொரியுருண்டை எல்லாம் வெல்லப்பாகும் விதையும் தானியமும்தான். எண்ணெயில் பொரித்த அதிரசத்தில் பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் போதும். சிலர் மாவைத் தட்டும்போது நெய் தொட்டுக்கொள்வார்கள், அதற்குப் பதில் நல்லெண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். உளுந்தங்களியைப் பாருங்கள்: உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். இதற்கு யாரும் வீகன் என்று பெயர் வைக்கவில்லை. அந்தச் சொல்லே 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து சங்கம் தொடங்கியபோது உண்டானது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். நம் பாட்டிகளின் களிச்சட்டி அதற்கெல்லாம் மூத்தது.

ஆனால் இந்தப் பட்டியலின் தலைப்பிள்ளை என்று நான் வைப்பது மஸ்கோத் அல்வா. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் என்று ஓர் ஊர். அங்கே இது பேர்போனது. திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப்பாலுக்கு நெய் ஊற்றுவார்கள் என்றால், இதில் நெய்யின் வேலையை முழுக்கத் தேங்காய்ப்பால் செய்கிறது. நான் முதன்முதலில் அங்கே போனபோது கிண்டிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, கடைசியில ஒரு கரண்டியாவது நெய் விடுவீங்களா?" என்று மூன்று முறை கேட்டேன். பிள்ளைக்கு வாங்குகிறேன், பயம். மூன்றாவது முறை அவர் துடுப்பை நிறுத்தி, சட்டி ஓரத்தைக் காட்டி, "இங்க பாருங்கம்மா, தேங்காயே எண்ணெயக் கக்குதுல்லா. இதுக்கு மேல நெய்ய ஊத்துனா அல்வா எங்க போய் நிக்கும்?" என்றார். பார்த்தேன். பழுப்புக் கண்ணாடி மாதிரி கொதித்துக்கொண்டிருந்த அல்வாவின் விளிம்பில் தெளிந்த எண்ணெய் ஒரு வளையமாகக் கசிந்து நின்றது. வாசம் தேங்காயெண்ணெய் வாசமாக இல்லை, வறுத்த முந்திரி வாசமாக இருந்தது.

வீட்டில் செய்யலாம், தோள் வலிக்கும், அவ்வளவுதான். ஒரு கப் மைதாவைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே பிசையப் பிசைய மாவுப்பால் இறங்கி, கையில் ரப்பர் மாதிரி ஒரு சக்கை மிஞ்சும். அதை எடுத்துவிட்டுப் பாலை வடிகட்டி இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டால் அடியில் கெட்டியான மாவு நிற்கும். அதோடு மூன்று கப் தேங்காய்ப்பால், இரண்டு கப் சர்க்கரை சேர்த்துக் கரைத்து, அடிகனமான உருளியில் கிண்டத் தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் கூழாகும். அந்த நேரத்தில் "தப்பாகப் போய்விட்டதோ" என்று தோன்றும், தோன்றட்டும். அரை மணிக்கு மேல் பளபளப்பு வரும், நிறம் மாறும். முந்திரியை அப்போது போடுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சட்டியை விட்டு ஒட்டாமல் சுருண்டு வந்து, ஓரத்தில் எண்ணெய் கசியும். அதுதான் பதம். தட்டில் கொட்டி நான்கு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். முந்தின நாளே செய்துவிட்டால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

இனி கடைச் சமாசாரம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

நம் பேக்கரிகளில் 'எக்லெஸ்' என்று எழுதியிருந்தால் முட்டை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முட்டை செய்ய வேண்டிய வேலையைத் தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் வெண்ணெயும் செய்திருக்கும். அதாவது எக்லெஸ் கேக்கில் பால் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். என் மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது ஒரு கடையில் விசாரித்தேன். "எக்லெஸ்தான்மா, பாலெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று கல்லாவில் இருந்தவர் அடித்துச் சொன்னார். ஒரு வாய்தான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் முட்டை இல்லையென்றால் எல்லாம் இல்லை என்ற எண்ணம். அன்றிலிருந்து வாய்ச்சொல்லை நம்புவதில்லை, பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கிறேன்.

பச்சைப் புள்ளியும் போதாது. அது சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் தேனும் உள்ள பண்டத்துக்கும் பச்சைப் புள்ளிதான். வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. கட்டத்துக்குள் பச்சை நிற 'வி' எழுத்தும் மேலே சின்ன இலையும் இருக்கும். அதைத் தேடுங்கள்.

ஐஸ்கிரீம் பெட்டியில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதில் பால் கொழுப்பு இல்லையாம், தாவரக் கொழுப்பாம், அப்போ வீகன்தானே" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. கொழுப்பு மட்டும்தான் தாவரத்திலிருந்து வந்தது. பால் புரதமும் பால் பவுடரும் பெரும்பாலும் அதில் இருக்கும். பிஸ்கட், ரஸ்க், பன், சாதாரண ரொட்டிகூட இதே கதை. மாவில் பால் பவுடர் இருக்கலாம், பன்னின் மேல் மினுமினுப்புக்கு முட்டையோ பாலோ தடவியிருக்கலாம். பொட்டலத்தில் 'பால் திடப்பொருள்', 'வே பவுடர்', 'கேசினேட்', 'பட்டர் ஆயில்' என்ற சொற்களைத் தேடுங்கள், எல்லாம் பாலிலிருந்து வருபவை. மார்ஷ்மெலோவில் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின், மினுங்கும் மிட்டாய்களில் ஷெல்லாக், சில சிவப்பு நிறங்களில் கார்மைன், பின்னவை இரண்டும் பூச்சிகளிலிருந்து வருபவை. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவால் ஆனது. பழநி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. உங்கள் மகள் இவற்றையெல்லாம் ஏற்கனவே தெரிந்துவைத்திருப்பாள். விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கிவருவார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேக்குக்கு வருவோம். இதற்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தமும் உலகப் போரும் நடந்த காலத்தில், வெண்ணெயும் பாலும் முட்டையும் சுலபமாகக் கிடைக்காத அமெரிக்க வீடுகளில் பெண்கள் தண்ணீரிலேயே சாக்லேட் கேக் சுட்டார்கள். 'வேக்கி கேக்' என்று பெயர். இல்லாமையில் பிறந்தது, ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் அதை அவர்கள் விடவில்லை என்பதே அதன் ருசிக்குச் சான்று.

ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், ஆறு மேசைக்கரண்டி வாசமில்லாத எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா. இரண்டையும் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவின் பசை முறுக்கேறி கேக் ரப்பராகும். கலந்த உடனே அடுப்புக்குள் போக வேண்டும். வினிகரும் சோடாவும் சேர்ந்தவுடனே கரியமிலவாயு கிளம்பிவிடும். போன் பேசிவிட்டு வந்து ஊற்றினால் வாயு போயிருக்கும், கேக் எழும்பாது. 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஓவன் இல்லையென்றால் பெரிய குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு சிறுதீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். நடுவில் குத்திய ஈர்க்குச்சி சுத்தமாக வர வேண்டும்.

வெண்ணெய் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாகும், ஏனென்றால் வெண்ணெய் உறையும். இந்தக் கேக்கில் இருப்பது உறையாத எண்ணெய். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி அமுங்கி எழும். இதில் தேங்காயெண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். அது ஃபிரிட்ஜில் கல்லாகிவிடும்.

தேங்காயெண்ணெய் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும், இதில் நான் நிறையக் காசைக் கரைத்திருக்கிறேன். வெளிநாட்டு வீகன் குறிப்புகளில் மேல்பூச்சுக்கு "உறைந்த தேங்காயெண்ணெயை எடுத்து அடிக்கவும்" என்றிருக்கும். அது லண்டனில் நடக்கும். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். நம் ஊர்க் கூடத்தில் மார்கழி தவிர மற்ற மாதங்களில் அது எண்ணெயாகத்தான் நிற்கும். நான் முதன்முதலில் ஆர்டருக்குச் செய்த கேக்கில் வைத்த ரோஜாக்கள், மெழுகுவத்தி ஏற்றிப் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் சறுக்கி அட்டையில் கிடந்தன. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. நம் வெயிலுக்குச் சாக்லேட்தான் துணை. கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கம் போனால்தான் உருகும், வெண்ணெய் என்று பெயர் இருந்தாலும் அது முழுக்கத் தாவரம். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவான கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடாமல் நன்றாகச் சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆறியதும் கேக்கின் மேல் பூசுங்கள். டார்க் சாக்லேட்டிலும் சில பிராண்டுகள் பால் கொழுப்பு சேர்க்கின்றன, பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள்.

டால்டாவும் தாவரக் கொழுப்புதானே, அதில் பூச்சு செய்தால் நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும். பழைய பேக்கரிப் பூச்செல்லாம் அதுதான். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது, முன்னளவு பயம் இல்லை. ஆனால் அண்ணத்தில் ஒட்டும் அந்த மெழுகு உணர்வு எனக்குப் பிடிக்கவில்லை. மகளுக்கு வெள்ளைப் பூச்சுதான் வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை.

சாக்லேட் வேண்டாம், வாழைப்பழக் கேக்கோ கேரட் கேக்கோ போதும் என்றால், முட்டைக்குப் பதில் ஆளி விதை. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வெள்ளைக்கரு மாதிரி இழுவையாகும். ஒரு முட்டைக்கு அது. கட்டிப்பிடிக்கும் வேலையைத்தான் செய்யும், உப்பவைக்காது. அதற்குச் சோடாவோ பேக்கிங் பவுடரோ தனியாக வேண்டும்.

நுரைக்கு வேறொன்று இருக்கிறது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். நாம் ரசத்தில் ஊற்றுவோமே, அதே தண்ணீர். 2014-இல் பிரான்சில் ஜோயல் ரோசெல் என்ற பாடகர், பயறு வேகவைத்த நீரும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்று செய்துகாட்டினார். மறுவருடம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர், கொண்டைக்கடலைத் தண்ணீரையும் சர்க்கரையையும் மட்டும் வைத்தே மெரிங் என்ற நுரை இனிப்பைச் சுட்டு, அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயரும் வைத்தார். லத்தீனில் அவரைத் தண்ணீர் என்று பொருள். அங்கே டப்பாக் கடலையைத் திறந்தாலே பதமான தண்ணீர் கிடைக்கும். நமக்குக் கொஞ்சம் வேலை. வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடேயே ஆறவிடுங்கள். பிறகு வடித்து, வெள்ளைக்கரு பதத்துக்கு இழுவையாகும் வரை சுண்டவைத்து, குளிரவைத்து, சில சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டு மின்சார பீட்டரால் பத்து நிமிடம் அடிக்க வேண்டும். சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரை வரும். கடலை வாசம் சுட்டபின் போய்விடும்.

இந்த நுரையில் தூத்துக்குடி மக்ரூன் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அம்மா ஊருக்குப் போனால் அட்டைப்பெட்டியில் வாங்கிவருவாள், என் மகனுக்கு மட்டும் கிடையாது. ஐந்து முறை தோற்றேன். முந்திரியில் இருக்கும் கொழுப்பு நுரையை உடைத்துவிடுகிறது, முட்டை நுரையைவிட இது மென்மையானது. ஆறாவது முறை முந்திரியை ரவை பதத்துக்கு உடைத்து, வெயிலில் காயவைத்து, நுரை முழுக்க ஏறிய பிறகு இரண்டே மடிப்பில் சேர்த்து, 100 டிகிரிக்கும் கீழே இரண்டரை மணி நேரம் உலரவிட்டேன். கடித்தால் மொறுக், பிறகு நாக்கில் கரைகிறது. அசலின் மணம் அதில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகன் நான்கை வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்துப்போய் அலமாரியில் ஒளித்துவைத்தான். மழைநாளில் இதைச் செய்யாதீர்கள், அரை மணியில் நமுத்துப் பிசுபிசுக்கும்.

ஐஸ்கிரீம்தான் உங்களுக்குப் பெரிய கவலை என்று தெரிகிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் எந்தச் சுவையில் வேண்டுமானாலும் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஐஸ்கிரீம் மெத்தென்று இருப்பதற்குக் கொழுப்பு, சர்க்கரை, காற்று மூன்றும் வேண்டும், தண்ணீர் பெரிய பனிக்கட்டியாகத் திரளாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கொழுப்புக்கு எல்லாரும் தேங்காய்ப்பாலை மட்டும் ஊற்றுகிறார்கள். அங்கேதான் கோளாறு. தேங்காய்க் கொழுப்பு குளிரில் கெட்டியாக உறையும், அதனால் முதல் வாயில் மெழுகு மாதிரி அண்ணத்தில் படியும். முந்திரிக் கொழுப்பு பெரும்பாலும் உறையாத வகை. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்யும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது தண்ணீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. "உடம்புக்கு நல்லது" என்று பாதியாகக் குறைத்தால் கத்தியால்தான் வெட்ட வேண்டும். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கலந்திருப்பதால் அது இன்னும் மென்மையாக்கும். தண்ணீரைக் கட்டிப்போடச் சோளமாவோ கூவைமாவோ போதும்.

நான் செய்யும் கணக்கு இது. இரண்டு முற்றிய தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்டு அரைத்து, 400 மில்லி முதல் பால் எடுத்து வையுங்கள். அதே சக்கையில் 100 மில்லி இரண்டாம் பால். 50 கிராம் முந்திரியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நரநரப்பே இல்லாதபடி அரைக்க வேண்டும். இரண்டாம் பாலில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்துக் காய்ச்சுங்கள். கெட்டியானதும் 120 கிராம் வெல்லத்தை, மண் போக உருக்கி வடிகட்டிய பாகாகச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் முதல் பாலும் முந்திரி விழுதும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும் என்று பாயசம் வைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதே விதி இங்கேயும். இந்தக் கலவையை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், மாவும் கொழுப்பும் ஒன்றுக்கொன்று பிடிபட நேரம் வேண்டும்.

காலையில் அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில். இரண்டு மணி நேரம் கழித்து ஓரம் உறைந்து நடுவில் குழைவாக இருக்கும்போது எடுத்து மிக்சியில் ஒரு சுற்று. மறுபடி ஃபிரீசர், மறுபடி ஒரு சுற்று. கடை ஐஸ்கிரீமில் சில வகைகளில் கலவையின் அளவுக்குச் சமமாகக் காற்றே இருக்கும். நம் மிக்சி அவ்வளவு ஏற்றாது, ஆனால் இரண்டு சுற்றில் பனித்துகள் உடைந்து நிறம் வெளுப்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். வெல்லத்துக்குப் பதில் நல்ல கருப்பட்டி கிடைத்தால் அதைப் போடுங்கள். தேங்காய்ப்பாலில் கருப்பட்டி உறைந்தால் வரும் புகைவாசம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு சுவையை நான் எந்த ஐஸ்கிரீம் கடையிலும் சாப்பிட்டதில்லை.

இந்த வேலையெல்லாம் முடியாதென்றால், மாம்பழப் பருவமாக இருந்தால் நாரில்லாத பழத்தின் விழுது, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைச்சாறு. அதை உறையவைத்து அரைத்தாலே போதும். கனிந்த வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி உறையவைத்து மிக்சியில் அடித்தாலும் மெத்தென்று வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நியூயார்க்கில் டேவிட் மின்ட்ஸ் என்ற உணவுக்கடைக்காரர் 1980-களின் தொடக்கத்தில் சோயா பாலைத் திரியவைத்துச் செய்யும் டோஃபுவிலிருந்து 'டோஃபுட்டி' என்ற ஐஸ்கிரீமை விற்கத் தொடங்கினார். அவர் யூத நெறிப்படி உண்டவர். இறைச்சிச் சாப்பாட்டோடு பால் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் விதி. விருந்து முடிந்ததும் தன் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்ற ஒரே ஆசையில் வருடக்கணக்காக முயன்றிருக்கிறார். விலக்கு எதனால் வந்தாலும், விருந்தில் ஒருவர் கை காலியாக இருக்கக்கூடாது என்று ஒருவர் நினைத்தால் வழி பிறக்கிறது. எனக்கு அந்த மனுஷரை நினைத்தால் ரொம்பப் பிடிக்கும்.

மாமியாரின் பாயசம் எல்லாவற்றிலும் சுலபம். பாசிப்பருப்பை நெய்யில்லாமல் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, மூன்றாம் பாலில் வேகவைத்து, வெல்லப்பாகு ஊற்றி, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலும் ஏலக்காய், சுக்குப்பொடியும். மாட்டுப்பாலில் வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும், தேங்காய்ப்பாலில் அந்தப் பயம் இல்லை. தாளிப்புக்குத் தேங்காய்ப் பல்லையும் முந்திரியையும் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்டுங்கள். கேரளத்துப் பருப்புப் பிரதமனுக்கும் இதே மாதிரி தேங்காய்ப்பால்தான். அத்தையிடம் முதலில் எதுவும் சொல்லாமல் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தேங்காய்ப்பால் பாயசம் வைக்கப்போறேன் அத்தை, பதம் நீங்கதான் சொல்லணும்" என்று கேளுங்கள். அவர் காலத்துச் சமையல் இது, அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விருந்துக்கு வரும் பிள்ளைகளில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தால், வீகன் முத்திரையை மட்டும் நம்பிக் கடைப்பண்டம் கொடுக்க வேண்டாம். அதே இயந்திரத்தில் பால் பண்டமும் செய்திருக்கலாம், துளி போதும். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால் நான் சொன்ன ஐஸ்கிரீமும் அல்வாவும் மக்ரூனும் முந்திரி போட்ட பாயசமும் அவர்களுக்கு ஆகாது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம், பாலில்லை என்பதால் இதெல்லாம் உடம்பு இளைக்கும் பண்டம் ஆகிவிடாது. சர்க்கரை அதே சர்க்கரைதான், தேங்காய்க் கொழுப்பும் லேசுப்பட்டது இல்லை. பிறந்தநாள் பண்டமாகவே இருக்கட்டும்.

ஐஸ்கிரீம் கலவையை மூன்று நாள் முன்பும் அல்வாவுக்கு மைதா ஊறவைப்பதை இரண்டு நாள் முன்பும் தொடங்குங்கள். கேக்கை முந்தின நாள் மாலை சுட்டு, மறுநாள் காலையில் சாக்லேட் பூசுங்கள். பாயசம் அன்றைக்கே. தேங்காய் மொத்தம் எட்டு பிடிக்கும். பத்தாக வாங்கிவையுங்கள், உடைக்கும்போது ஒன்றிரண்டு அழுகலாக இருந்துவிடும்.